அன்றைக்குப் பாரி கேட்டது

விருத்தாசலம்
9.6.2003

தம்பி பாரிக்கு,

'கிறிஸ்துவுக்குள் அன்பான' என்று தொடங்கி, நீ முகம் சுளிப்பாய் என்று அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். எதற்குக் கிழித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். நான் எல்லாருக்கும் அப்படித்தானே எழுதுகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் மூன்றாவது வார்த்தைக்கு நீ போனை வைத்துவிடுவாய். நீ குஜராத்துக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. இந்த எட்டு வருடத்தில் நான் உனக்கு அனுப்பியது எட்டு கிறிஸ்துமஸ் அட்டைகள் மட்டும். இது அட்டை இல்லை. தயவுசெய்து முழுவதும் படி.

போன வருடம் அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோனதிலிருந்து வாலிபர் வேதபாட வகுப்பை நான்தான் எடுக்கிறேன். முப்பது வருடம் உபதேசியாராக அவர் நடத்திய அதே வகுப்பு, ஆலயத்துக்குப் பின்னால் அதே ஓட்டுக் கொட்டகை. சனிக்கிழமை வரைக்கும் பீங்கான் கம்பெனியில் டீக் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் களிமண் போகாத நகத்தோடு பதினான்கு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறேன்.

நேற்று, "சாட்சி சொல்ல யாருக்காவது விருப்பமா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். வழக்கமாக யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நேற்று சண்முகப்ரியா எழுந்தாள். நம் சபைச் செயலாளர் தங்கராசு அண்ணன் மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

"அக்கா, நான் ஜெபம் பண்ணும்போது யாரோ கேக்கறாங்கன்னே எனக்குத் தோண மாட்டேங்குது. செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குது. ஆனா எல்லாருகூடவும் சேந்து ஆமென் சொல்லிடறேன். அது பொய்யாக்கா?"

திமிராகக் கேட்கவில்லை பாரி. கணக்கு வராத பிள்ளை நோட்டை நீட்டுமே, அப்படிக் கேட்டாள். "பாட்டுப் புத்தகத்த எடுங்க" என்றேன். பாடினோம். அவளும் பாடினாள். கடைசியில் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் நினைப்பு. 1990, உனக்குப் பதினேழு வயது. அதே கொட்டகையில் நீ எழுந்து எதையோ கேட்டாய், அப்பா உன்னை அறைந்தார். அறைந்த சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ கேட்டது மட்டும் நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அன்றைக்கு நீ என்ன கேட்டாய்? உனக்கு நாங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அது தெரிந்தால் இந்தப் பெண்ணுக்கு எதையாவது சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

அக்கா
நீலாவதி


மோர்பி
18.6.2003

அக்கா,

கடிதம் வந்தது. டைல்ஸ் சூளைப் பக்கம் நின்றே இரண்டு தடவை படித்தேன்.

நான் கேட்டது உனக்கு நினைவில்லை. சரி. அந்த வகுப்பில் ஒருத்தராவது அதைக் காதில் வாங்கியிருப்பார்கள், அது நீயாக இருக்கும் என்று பதிமூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அடித்தது வலித்து ஆறிப்போனது. அதற்கு அடுத்து நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் பாட்டை ஆரம்பித்தது. அது நீ. என் கன்னத்தில் அவர் விரல் பதிந்திருந்தது. எல்லாரும் எழுந்து கைதட்டிப் பாடினார்கள். மூன்று சரணமும் முடிந்த பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கலைந்து போனார்கள். நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஐந்து வருடம் கழித்துத்தான். ஆனால் அந்தப் பாட்டின்போதே கிளம்பிவிட்டேன்.

இப்போது அந்தப் பெண்ணுக்கும் பாட்டுப் புத்தகத்தை எடுத்திருக்கிறாய்.

என்னிடம் பதில் எதுவும் இல்லை. உன் வகுப்புக்கு உதாரணமாக இருக்கவும் விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே எதையும் போடாதே. வசனமோ பாட்டோ எதுவும் வேண்டாம்.

அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று நினைப்பாய். எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை.

பாரி


விருத்தாசலம்
30.6.2003

பாரி,

பாட்டை ஆரம்பித்தது நான்தான் என்பதை நம்ப எனக்கு நான்கு நாள் பிடித்தது. முதலில் நீ இட்டுக்கட்டுகிறாய் என்று கோபப்பட்டேன். பிறகு என்ன பாட்டு என்பது வரைக்கும் நினைவு வந்துவிட்டது. இன்னொரு அடி விழுந்துவிடுமோ என்று பயந்துதான் பாடினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையா என்று தெரியவில்லை. ஒருவேளை எனக்கு அவமானமாக இருந்திருக்கும், அதை மூடப் பார்த்திருப்பேன். எதுவாக இருந்தாலும் என்னை மன்னித்துவிடு என்று எழுதலாம். அவ்வளவு சுலபமாக எழுதலாமா என்றும் தெரியவில்லை.

நேற்று வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். "பேரு எழுத வேணாம். நம்பிக்கையப் பத்தி உங்க மனசுல நெசமா என்ன இருக்குதோ அத எழுதுங்க. எனக்குப் பிடிக்கணும்னு எழுதாதீங்க. என்னத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க" என்றேன்.

"மார்க்கு உண்டாக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். சிரித்தார்கள். அதற்குப் பிறகு கொட்டகையில் பேனா ஓடுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

வீட்டுக்கு எடுத்து வந்து படித்தேன். எட்டுத் தாளில் 'இயேசு என் நல்ல நண்பர்' என்கிற மாதிரி. மீதி ஆறைப் படித்துவிட்டுச் சோறு பொங்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றில், 'இயேசுவை ரொம்பப் பிடிக்கும், சபைக்கு வர்றவங்களைத்தான் பிடிக்கல' என்று இருந்தது.

இன்னொன்று: 'எனக்குக் காய்ச்சல் நிக்காதப்ப போதகர் ஐயரும் வந்து ஜெபம் பண்ணாரு. எங்க பாட்டி யாருக்கும் தெரியாம கொளஞ்சியப்பர் கோயில்ல, காய்ச்சல் விடணும்னு சீட்டுல பிராது எழுதிக் கட்டிட்டு வந்தாங்க. காய்ச்சல் விட்டுருச்சு. நான் யாருக்கு நன்றி சொல்லணும்?'

இன்னொன்று: 'நரகத்த நெனச்சு எனக்கு பயம் இல்ல. செத்த பின்னாடி ஒண்ணுமே இல்லாமப் போயிடுமோன்னுதான் பயம்.'

சுவரைப் பற்றி எழுதிய தாளும் இருந்தது. எழுத்தை வேண்டுமென்றே கோணலாக எழுதியிருந்தாள். இருந்தாலும் யார் என்று எனக்குத் தெரியாதா?

இதில் ஒன்றை உனக்கு மறைக்கக் கூடாது. அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது காத்தவராயன் என்கிற பையன், "நீங்க எழுதலையாக்கா?" என்று கேட்டான். நானும் ஒரு தாளை எடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. கடைசியில் ஒரு சங்கீத வசனத்தை எழுதினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேதத்துல இருக்கறதாச்சே. நீங்க என்ன நெனைக்கறீங்கக்கா?" என்றான்.

எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது பாரி. பிறந்ததிலிருந்து இந்த ஆலயத்தில்தான் இருக்கிறேன். நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டபோது என்னிடம் ஒன்றும் இல்லை. இல்லையா, இருந்தும் எடுக்கத் தெரியவில்லையா? அதுகூடத் தெரியவில்லை.

அப்பா உட்காருகிறார். இடது கையால் சாப்பிடுகிறார். பேச்சு குழறுகிறது, ஆனால் புரியும். நீ விசாரித்ததாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீலா


மோர்பி
9.7.2003

அக்கா,

அந்தத் தாள்களைப் பற்றியே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு என்ன சொன்னாய்?

நான் கேட்டதை எழுதுகிறேன். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று பாடம், கடவுள் சொன்னார் என்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதை. அதற்கு முந்தின ஞாயிறு அப்பா சபை நடுவில் எழுந்து, என்னை ஊழியத்துக்கு நேர்ந்து பொருத்தனை செய்திருப்பதாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ முடித்ததும் வேதாகமக் கல்லூரி, அப்புறம் போதகர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஆகவே நான் எழுந்து கேட்டேன். "ஈசாக்கைக் கட்டிப் போட்டப்ப அவன்கிட்ட யாராவது கேட்டாங்களா? அவனுக்குப் பதிலா ஆட்டுக்கடா கெடச்சு, மலையை வுட்டு எறங்கி வூட்டுக்கு வர்றப்ப, அவன் அவுங்க அப்பா மொகத்தை எப்படிப் பாத்திருப்பான்?"

இவ்வளவுதான். கேலி செய்யவில்லை. அந்த வாரம் முழுவதும் எனக்கு அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஈசாக்கு எப்படிப் பார்த்தான் என்று யாராவது சொன்னால் நானும் அப்படிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

இங்கே என்னை நாத்திகன் என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, ஆனால் அதுவும் எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை. சூளை பற்ற வைக்கும் முன்னால் இங்கே தேங்காய் உடைப்பார்கள். நான் தள்ளி நிற்பேன். தள்ளி நிற்கும்போது என் உதடு எதையோ முணுமுணுக்கிறது. ஆட்களுக்குத் தீக்காயம் எதுவும் பட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி ஒன்று. யாரிடம் சொல்கிறேன்? பழக்கமா? உன் சண்முகப்ரியாவுக்குச் சுவர் என்றாவது ஒன்று இருக்கிறது.

நீ தாளில் வசனத்தை எழுதியதை நினைத்து வெட்கப்படாதே. என்னிடம் தாள் நீட்டியிருந்தால் நான் வெறுமையாகக் கொடுத்துவிட்டு, அதைத் தைரியம் என்று நினைத்திருப்பேன்.

பாரி


விருத்தாசலம்
28.7.2003

பாரி,

வகுப்பு என்னைவிட்டுப் போய்விட்டது. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வீட்டில் படித்த தாள்களைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டகை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் வந்தது என் தப்பு. போன வாரம் தங்கராசு அண்ணன் பாட்டுப் புத்தகம் எடுக்கப் போய் அதைப் பார்த்துவிட்டார். நேற்று ஆராதனை முடிந்ததும் கமிட்டியைக் கூட்டினார்கள். பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஐயர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கராசு அண்ணன் ஒரு தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். சுவரைப் பற்றிய தாள். கோணல் எழுத்தில் இருந்ததால் தன் மகள் கையெழுத்து என்று அவருக்குத் தெரியவில்லை.

"வேதபாட வகுப்புல இப்படி ஒண்ணு எழுதியிருக்குதே, இது எந்தப் புள்ள? பேரச் சொல்லுங்க நீலாவதி. வூட்டுல சொல்லி நாலு சாத்து சாத்துனாதான் புத்தி வரும்" என்றார்.

சண்முகப்ரியாவைப் பார்த்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கப் போவது தெரிந்தது. திறந்தால் அங்கேயே அடி விழும். அவளை முந்திக்கொண்டு, "அது நான் எழுதனதுங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

நான் எழுதியது வசனம் என்று காத்தவராயனுக்குத் தெரியும். அவன் காட்டிக்கொடுக்கவில்லை. "ஜெபம் கேக்கப்படும்னு நம்பாதவங்க புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த ஞாயிறிலிருந்து தங்கராசு அண்ணனே வகுப்பு எடுப்பார் என்று முடிவு செய்தார்கள்.

உண்மையைப் பேசுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நான் பொய் சொன்னேன். இதுதான் என்னை அரிக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோது வேறு ஒரு சந்தேகம் வந்தது. அது பொய்தானா? எத்தனையோ நாள் நானும் சுவரோடு பேசிவிட்டு எழுந்திருக்கிறேன். அன்றைக்கு என் தாளில் எழுத வராமல் போனது அதுதானோ? பொய் சொன்னேனா, முதல்முறையாக உண்மையைச் சொன்னேனா, தெரியவில்லை பாரி.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். எப்படியும் யாராவது வந்து சொல்லத்தானே போகிறார்கள். அவர் திட்டவில்லை. அந்த வேகத்தில் உன் கடிதத்தையும் எடுத்து வாசித்தேன். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். ஈசாக்கு வரைக்கும் வாசித்ததும் இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"பாரி அதைக் கேக்கல" என்றார்.

"அதத்தான் கேட்டேன்னு எழுதியிருக்குதுப்பா."

"இல்லம்மா. 'அப்பா, நீங்க நெசமாவே நம்புறீங்களா'ன்னு கேட்டான். எம் மொகத்தப் பாத்துக் கேட்டான்."

நீ எழுதியபடியே குறுக்கே எதையும் போடாமல் இருந்தேன். அவர் ஒவ்வொரு வார்த்தையாக உருட்டிச் சொன்னார். "அந்த வருசம் எனக்குள்ள ஒண்ணும் இல்ல. வகுப்பு எடுத்தேன். வூடு வூடாப் போயி ஜெபம் பண்ணேன். உள்ள காலி. யாருகிட்டச் சொல்லுவேன்? நான் உபதேசியாரு. என்னால முடியாதது அவனாலயாவது முடியட்டும்னுதான் அவன பொருத்தன பண்ணேன். அவன் எந்திரிச்சுக் கேட்டப்ப, இவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு கை நீண்டுருச்சு."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எது நடந்தது பாரி? நீ ஈசாக்கைக் கேட்டாயா, அப்பாவைக் கேட்டாயா? நான் அங்கேதான் இருந்தேன். எனக்கு அறைந்த சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

நீலா


மோர்பி
6.8.2003

அக்கா,

அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதுவும் சந்தேகமாகிவிட்டது.

நான் சொன்னது உண்மை என்றால், கேட்காத கேள்விக்காக அறை வாங்கியிருக்கிறேன். அந்த மனுஷர் பயந்துபோய் அடித்திருக்கிறார். நான் அவரை மலை மாதிரி நினைத்து வெறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கோபப்படலாம் என்றால் அந்த ஆள் இல்லை. பாவம் என்று நினைக்கலாம் என்றால் மனசு வரவில்லை. நேற்று வேலையில் வெப்ப அளவைத் தப்பாகக் குறித்துவிட்டேன். எட்டு வருடத்தில் முதல் தடவை.

கடிதத்தை அவரிடம் வாசித்ததற்கு உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இதையும் வாசி.

அப்பா, அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா?

பாரி


விருத்தாசலம்
18.8.2003

அன்புத் தம்பி பாரிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. வாசிக்கத் தைரியம் வர ஒரு நாள் ஆனது. அதற்குள் இங்கே ஒன்று நடந்தது.

சண்முகப்ரியா வீட்டில் சொல்லிவிட்டாள். "அந்தத் தாளு நான் எழுதனதுப்பா, அக்கா எனக்காகச் சொன்னாங்க" என்றிருக்கிறாள். தங்கராசு அண்ணன் அவளை அடிக்கவில்லை. மூன்று நாள் அவளோடு பேசவே இல்லையாம். நேற்று ஞாயிறு, வகுப்பை முடித்துவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர் தண்ணீரைக்கூடத் தொடாமல், "ஒங்ககிட்ட எழுதிக் குடுத்த புள்ள எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்று கேட்டார். "நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்?" என்றார்.

"எனக்கும் தெரியலண்ணே. அவ சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க எதுவும் போடாதீங்க" என்றேன். உன்னிடம் வாங்கியதை அவருக்குக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. எழுந்து போய்விட்டார். வகுப்பு எனக்குத் திரும்பி வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் போகும்போது, அந்தப் பதினான்கு தாளையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் வந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தாய். வழியில் ஒரு பையன் என்னை நிறுத்தி, அதை எழுதியது தான்தான் என்றான். "ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டான். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. நின்று அவன் பேசியதை முழுவதும் கேட்டேன். அவனுக்கு அது போதுமாக இருந்ததா, தெரியாது.

தங்கராசு அண்ணன் போனதும் அப்பா கட்டில் பக்கம் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தேன். கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வெகுநேரம் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"எழுதிக்க" என்றார். தாளை எடுத்தேன்.

"சில நாளு நம்புறேன். சில நாளு இல்ல. எழுபது வயசுல இப்படிச் சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்குது. ஈசாக்கப் பத்தி அவன் கேட்டத என் காது கேக்கல, அதுக்கும் வெக்கமா இருக்குது. அப்படியே எழுது, திருத்தாத."

அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டு, "இன்னிக்கு எப்படிப்பா?" என்று நானாகக் கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தார். வெயில் இன்னும் எதிர்ச் சுவரில் இருந்தது.

"இன்னிக்கா? இன்னும் பொழுது சாயலயேம்மா" என்றார்.

நீலா